புதுப்பிப்பு: எலகங்கா தோட்டத்துத் தீவனச் சோளம்

மழையில்லாமல் வாடி நிற்கும் இளஞ்சோளத்தை மாட்டுக்கு அறுத்துப் போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வேண்டாம் என்று தடுத்த எல்லோருக்கும் நன்றி. இளம்பயிரில், அதுவும் வறட்சியில் வாடியதில், சயனைடு நஞ்சு அதிகம். பசுவின் உயிரையே வாங்கிவிடும். அப்புறம் மழை வந்தது. பாதிப் பயிர் பூத்த பிறகுதான் அரிவாளை எடுத்தோம். அதுவரை கேழ்வரகுத் தாளை வைத்தே ஓட்டினோம்.

ஊடுபயிராகப் போட்ட தட்டைப்பயறுதான் பெரிய சந்தோஷம். செடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் கிள்ளினேன், உள்ளே நல்ல இளஞ்சிவப்பு. அந்த முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் (நைட்ரஜன்) பிடித்துத் தருகிறது என்று அர்த்தம். பச்சையாகவோ வெளுத்தோ இருந்தால் அந்த வேலை நடக்கவில்லை. சோளம் மூன்று பங்கு, பயறு ஒரு பங்கு என நறுக்கிக் கலந்து போடுகிறோம்.

அறுத்த சோளத்தின் அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்க்கும்போதும் அதே சயனைடு நஞ்சு உண்டு, தயவுசெய்து மேயவிடாதீர்கள்.