வகையீடுகளின் வழியே நுண்கணிதம்: வழிகாட்டல் வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். எல்லை (லிமிட்) என்னும் கருத்தை முன்வைக்காமல், மிகச்சிறு மாற்றங்களாகிய வகையீடுகளைக் கொண்டே நுண்கணிதத்தைத் தொடக்கத்திலிருந்து கற்று வருகிறேன். நுண்கணிதத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான லைப்னிட்ஸ் 1684-இல் வெளியிட்ட கட்டுரையும் வகையீடுகளையே அடிப்படையாகக் கொண்டது என்பதால், இதை வெறும் குறுக்குவழி என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

10 அலகு பக்கமுள்ள ஒரு சதுரத்தின் பக்கத்தை 0.01 அலகு நீட்டினால், அதன் பரப்பு 0.2001 சதுர அலகு கூடுகிறது, அதில் 0.2 இரு ஓரங்களிலும் சேரும் மெல்லிய பட்டைகளுக்கும், எஞ்சிய 0.0001 மூலையில் அமையும் சிறு சதுரத்துக்கும் உரியது. பக்கத்தை எக்ஸ் என்றும், அதன் மிகச்சிறு நீட்சியை டிஎக்ஸ் என்றும் கொண்டு, மூலைச் சதுரத்தை விட்டுவிட்டால், எக்ஸ் வர்க்கத்தின் வகையீடு ‘இரண்டு எக்ஸ் டிஎக்ஸ்’ என்பது கண்ணெதிரே தெரிகிறது. செவ்வகத்தை எடுத்துக்கொண்டால் பெருக்கல் விதியும் அப்படியே கிடைத்துவிடுகிறது.

டிஎக்ஸை வைத்துக்கொண்டு அதன் வர்க்கத்தை மட்டும் விடுவதற்கான நியாயத்தைத் தொடக்கநிலை மாணவருக்கு எப்படி விளக்குவீர்கள்? 1960-களில் கணிதவியலாளர் ஆபிரகாம் ராபின்சன் இத்தகைய மிகச்சிறு நுண்ணளவுகளுக்கு உறுதியான தர்க்க அடித்தளம் அமைத்தார். ஆயினும் அதை முதல் பாடமாக வைப்பது பொருந்தாது என்றே கருதுகிறேன். ஒரு சார்புக்குள் மற்றொரு சார்பு அமையும்போது பயன்படும் சங்கிலி விதியில் பின்னம்போல் இயல்பாக நடந்துகொள்ளும் ‘டிஒய்/டிஎக்ஸ்’ என்னும் குறியீடு, இருமுறை வகையிட்டுப் பெறும் இரண்டாம் வகைக்கெழுவில் அவ்வாறு நடந்துகொள்ளாததும் என்னைத் தடுத்து நிறுத்துகிறது.

எல்லையை எந்தக் கட்டத்தில் அறிமுகம் செய்வது நல்லது என்பதையும், சைன் சார்பை வட்டத்தின் படத்திலிருந்தே வகையிடுவதற்கு ஏற்ற பயிற்சிகளையும், இவ்வழியில் கற்றவர்களோ கற்பித்தவர்களோ விளக்கினால் மிகவும் கடமைப்பட்டிருப்பேன்.