வெள்ளைக்கல் ராமன் நிறமாலை: அடிக்கோட்டைக் காட்டாமல் வரையலாமா?

கன்னங்குறிச்சி:
சேலம் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட் என்ற மக்னீசியம் கார்பனேட் கனிமம். அதன் ராமன் நிறமாலையை (லேசர் பட்டுச் சிதறும் ஒளியின் வரைபடம்) 532 நானோமீட்டர் லேசரில் எடுத்தால், முகடுகளுக்கு அடியில் ஒளிர்வு மேடு மாதிரி ஏறி நிற்கும்; அந்த மேட்டின் கோடுதான் அடிக்கோடு. ஆர் மென்பொருளில் 4ஆம் படிப் பல்லுறுப்புக்கோவையால் அடிக்கோட்டைக் கழித்து, எதிர்மதிப்புகளைப் பூஜ்யமாக்கி, திருத்திய கோட்டை மட்டும் வரைந்தால் போதும். 1094 செ.மீ⁻¹ அலைஎண்ணில் கார்பனேட் முகடு பளிச்சென்று தெரியும்.

ஏற்காடு அடிவாரம்:
போதாதுங்க. கோடு பூஜ்யத்துக்குக் கீழே பள்ளமாக இறங்கினால், அங்கே அடிக்கோடு நிறமாலைக்கு மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம். அதைப் பூஜ்யமாக்கினால் தப்பு நடந்த தடயமே போய்விடும். பல்லுறுப்புக்கோவை துள்ளுவது ஓரங்களில். மேக்னசைட்டின் 213, 329 முகடுகள் இருப்பதும் ஓரத்தில்தான்.

ஆர் மென்பொருளின் பேஸ்லைன் தொகுப்பில் இருக்கும் ஏஎல்எஸ் முறை (கோட்டுக்கு மேலும் கீழும் உள்ள புள்ளிகளுக்கு வெவ்வேறு எடை தரும் பொருத்தம்) இதைவிட மேல். அதில் லாம்டா அடிக்கோட்டின் விறைப்பு, பி கோட்டுக்கு மேலே உள்ள புள்ளிகளின் எடை; முன்னிருப்பு லாம்டா 6, பி 0.05. அந்த 6 பத்தின் அடுக்கு, அதாவது 10 லட்சம். பைத்தான் நிரலில் பார்த்த 1,00,000ஐ அப்படியே போடாதீங்க, 5 என்று போடணும்.

கன்னங்குறிச்சி:
பி 0.05 என்றால் அடிக்கோடு இரைச்சலின் அடிவயிற்றில் ஓடும். முகடே இல்லாத இடமும் பூஜ்யத்துக்கு மேலே நிற்கும், பரப்பளவு கூடுதலாக வரும். லாம்டாவையும் ஆளாளுக்கு மாற்றினால் எதை எதோடு ஒப்பிடுவது?

ஏற்காடு அடிவாரம்:
பரப்பளவு விஷயம் சரிதாங்க, ஒத்துக்கறேன். லாம்டா புள்ளி நெருக்கத்தைப் பொறுத்தது. இடைவெளியைப் பாதியாக்கினால் அதே வளைவுக்கு 16 மடங்கு வேணும். 6 இருந்த இடத்தில் 7.2. அதனால்தான் படத்திலேயே காட்டச் சொல்றேன்: மேல் கட்டத்தில் மூல நிறமாலை, அதன்மேல் சிவப்பில் அடிக்கோடு, கீழ்க் கட்டத்தில் திருத்தியது, பூஜ்யக் கோட்டோடு.

சூரமங்கலம்:
கல்லில் டியூனைட் (பெரும்பாலும் ஆலிவின் கனிமத்தாலான பாறை) ஒட்டியிருந்தால் 824, 856இல் ஆலிவின் இரட்டை முகடு வரும். லாம்டா 3 என்றால் அடிக்கோடு வளைந்து அதற்குள் ஏறி உயரத்தைத் தின்னும். மேல் கட்டம் இல்லாவிட்டால் ஆலிவின் குறைவு என்றே படிப்பவர் நினைப்பார்.

இன்னொன்று. பேஸ்லைன் தொகுப்பு கிடைவரிசைக்கு ஒரு நிறமாலை கேட்கும். ஆரில் படம் வரையும் மேட்ப்ளாட் கட்டளை நெடுவரிசைகளை வரையும். அணியைத் திருப்பிப் போட்டு, அலைஎண்ணை எக்ஸ் அச்சுக்குத் தனியாகக் கொடுங்க. இல்லாவிட்டால் அச்சில் வருவது வெறும் புள்ளி எண்.

கன்னங்குறிச்சி:
இரண்டு கட்டம் சரி, எதிர்மதிப்பையும் தொடமாட்டேன். 4ஆம் படியை மட்டும் விடுவதாக இல்லை. 100 முதல் 1300 வரை எடுத்துப் பொருத்திவிட்டு, இரு ஓரத்திலும் 50 வெட்டினால் துள்ளல் படத்துக்குள் வராது.

ஏற்காடு அடிவாரம்:
213 அப்போதும் ஓரத்துக்குப் பக்கம்தாங்க. அதே தரவில் இரண்டு அடிக்கோட்டையும் ஒரே கட்டத்தில் போடுங்க, 150க்கும் 350க்கும் நடுவில் பார்ப்போம்.