லேபில் ரத்தம் கொடுத்த அனுபவம்: மதுரைப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

கே.கே.நகரிலிருந்து:

அப்பாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டோடு காலையில் லேபுக்குக் கூட்டிப் போவது என் வேலை. அண்ணா நகர், கே.கே.நகர் பக்கம் லேபுக்குப் பஞ்சமே இல்லை. முன்பதிவெல்லாம் வேண்டாம், நேரே போய் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் ரத்தம் எடுத்துவிடுவார்கள். எது நல்ல லேப் என்று கேட்டால், ஏசி இருக்கிறதா, ரிப்போர்ட் வாட்ஸப்பில் வருமா என்பதையெல்லாம் நான் பார்ப்பதில்லை. ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் நம்மிடம் என்ன கேட்கிறார்கள் என்பதைத்தான் பார்க்கிறேன்.

நாங்கள் இப்போது போகிற லேப் சின்னது, சந்துக்குள் இருக்கிறது. ரத்தம் எடுக்கும் அக்கா, சீட்டில் எழுதியிருந்தாலும் பெயரையும் வயதையும் அப்பா வாயாலேயே சொல்லச் சொல்வார். அப்புறம், நேற்று ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, காலையில் மாத்திரை போட்டாச்சா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். ஒரு தடவை அப்பா, “ஒண்ணும் சாப்பிடலைம்மா, சீனி போடாம ஒரு டீ மட்டும்தான்” என்றார். “பால் சேர்ந்திருக்கேப்பா, இன்னைக்கு எடுத்தா சரியா வராது. நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க” என்று காசு வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். அப்பாவுக்குக் கோபம். எனக்கோ அந்த லேப் மேல் நம்பிக்கை வந்ததே அன்றைக்குத்தான். ஏனென்றால் டாக்டர் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்த நம்பரைப் பார்த்துத்தான். வெறும் வயிறு என்றால் குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர வேறொன்றும் உள்ளே போகக் கூடாது. கொழுப்புக்கும் சேர்த்து எழுதியிருந்தால் 10, 12 மணி நேரம் என்று சொல்வார்கள்.

சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து எடுக்கும் சர்க்கரையில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். அந்த 2 மணி நேரத்தைக் கை கழுவியதிலிருந்து எண்ணக் கூடாது, முதல் வாய் வைத்ததிலிருந்து எண்ண வேண்டும். அக்கா அதைக் கடிகாரத்தைக் காட்டியே சொல்வார். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள், டாக்டர் வேறு மாதிரி சொல்லாவிட்டால், வழக்கமான மாத்திரையை அந்தக் காலைச் சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளலாம். மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கத்தானே அந்த டெஸ்ட். ஆனால் வெறும் வயிற்று ரத்தம் கொடுக்கும் முன்னால் சர்க்கரை மாத்திரை வேண்டவே வேண்டாம், போகிற வழியில் மயக்கம் வரலாம்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: இங்கேயே பார்க்கிறீர்களா, வெளியே அனுப்புகிறீர்களா என்று. பல இடங்கள் ரத்தம் எடுத்து அனுப்பும் மையங்கள் மட்டும்தான். அதில் தப்பில்லை. ஆனால் குழாயில் இருக்கும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். அதைத் தடுக்கத்தான் சர்க்கரைக்கு ஃப்ளோரைடு போட்ட சாம்பல் நிற மூடிக் குழாய் வைத்திருக்கிறார்கள்.

திருமங்கலத்திலிருந்து:

எனக்குத் தைராய்டு. காலையில் எழுந்ததும் மாத்திரை போடுகிற பழக்கம். ரத்தம் கொடுக்கிற அன்றைக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் போடுங்கள் என்று எங்கள் ஊர் லேபில் சொன்னார்கள். மாத்திரை போட்டவுடன் எடுத்தால் டி4 என்கிற தைராய்டு ஹார்மோன் கொஞ்சம் ஏறித் தெரியுமாம். அது எனக்கு முன்பே தெரியும். ஆனால் அந்தத் தம்பி அடுத்ததாகக் கேட்டதைத்தான் இங்கே சொல்ல வந்தேன். “முடி கொட்டுறதுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாக்கா?” என்றார். ஆமாம், பயோட்டின். அது பல லேப் மிஷின்களில் தைராய்டு ரிசல்ட்டை மாற்றிக் காட்டிவிடும், டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) குறைவாகவும் டி4 அதிகமாகவும் வரலாம், குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு வாருங்கள் என்றார். முடிக்குச் சாப்பிடும் வைட்டமினை யார் டாக்டரிடம் சொல்கிறோம்? என் தோழிகள் எல்லோருக்கும் இதைச் சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

ரத்த சோகை இருப்பவர்கள் மூன்று மாதச் சர்க்கரை எடுக்கும்போது அதையும் டாக்டருக்கு ஞாபகப்படுத்துங்கள். இரும்புச்சத்து குறைவாக இருந்தால் எச்.பி.ஏ.1.சி. என்கிற அந்த மூன்று மாத அளவு உண்மையைவிடக் கூடுதலாக வர வாய்ப்பு உண்டு.

மேலூரிலிருந்து:

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், லேப் பெயர் வேண்டாம். பெரியப்பாவுக்குப் பிரஷர், அதற்காக வழக்கமாக எடுக்கிற டெஸ்ட். அவருக்கு நரம்பு சுலபத்தில் அகப்படாது. ரப்பரை இறுக்கிக் கட்டிவிட்டு, “கையை மூடுங்க, திறங்க, மூடுங்க” என்று ரொம்ப நேரம் செய்ய வைத்து, இரண்டு மூன்று இடத்தில் குத்தி, கடைசியில் சிரிஞ்சில் இழுத்துக் குழாய்க்குள் வேகமாக அழுத்தினார்கள். சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது, பொட்டாசியம் 6க்கு மேல். இணையத்தில் தேடினால் இதயம் நின்றுவிடும் என்கிறது. பெரியம்மா அழ ஆரம்பித்துவிட்டார், ராத்திரியோடு ராத்திரியாக வண்டி பிடித்து மதுரைக்குக் கூட்டிப் போனோம்.

அங்கே இருந்த டாக்டர் அம்மா பதறவில்லை. உடனே ஈ.சி.ஜி. எடுத்தார், சரியாக இருந்தது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் யூரியா, கிரியாட்டினினும் பழைய அளவிலேயேதான் இருந்தன. “ரத்தம் எப்படி எடுத்தாங்க?” என்று கேட்டார், நான் பார்த்ததைச் சொன்னேன். திரும்ப எடுத்தார்கள், ரப்பரைச் சீக்கிரம் அவிழ்த்து, கையை மூடித் திறக்கச் சொல்லாமல். பொட்டாசியம் 4.4. சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் நிறைய இருக்கிறது, எடுக்கும்போது அணு உடைந்தால் அது வெளியே கொட்டி அளவை ஏற்றிவிடும், கையை இறுக்கி இறுக்கித் திறந்தாலும் ஏறும் என்று அந்த அம்மாதான் விளக்கினார். ரப்பரை ஒரு நிமிஷத்துக்கு மேல் கட்டி வைக்கக் கூடாதாம்.

நான் சொல்வது இதுதான். ரிப்போர்ட்டில் ஒரு நம்பர் மட்டும் திடீரென்று எகிறி நின்றால் வீட்டிலேயே உட்கார்ந்து பயப்படாதீர்கள், அசட்டையாகவும் விடாதீர்கள். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், ரத்தம் எடுத்தபோது நடந்ததை ஒன்று விடாமல் சொல்லுங்கள். அதைப் பார்த்தவர் நீங்கள் மட்டும்தான்.

உசிலம்பட்டியிலிருந்து:

காசு இல்லை என்று டெஸ்ட்டைத் தள்ளிப்போடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலும் சர்க்கரை, ரத்த அளவு, சிறுநீர் இதெல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். கோரிப்பாளையம் பக்கத்தில் இருக்கும் அரசு இராஜாஜி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுப் போட்டு டாக்டர் எழுதிக் கொடுத்தால் இன்னும் பெரிய டெஸ்ட்டுகளும் உண்டு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போக வேண்டும். வீட்டை விட்டு நகர முடியாத பெரியவர்கள் இருந்தால், 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள்.

கே.கே.நகரிலிருந்து:

மேலூர்க்காரர் சொன்னது எனக்குப் புதுசு, நன்றி. லேபுகளின் தரத்தைப் பார்க்கும் தேசிய அமைப்பான என்.ஏ.பி.எல். தரும் அங்கீகாரம் இருக்கிறதா என்று தனியாக ஒருவர் கேட்டிருந்தார். மருத்துவ லேபுகளுக்கு ஐ.எஸ்.ஓ. 15189 என்ற தரத்தை வைத்து அதைக் கொடுக்கிறார்கள். இருந்தால் நல்லது, ஆனால் எந்தெந்த டெஸ்ட்டுக்கு என்பதையும் பாருங்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து இருக்க வேண்டும் என்றில்லை. முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள், பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் ஒரு ஃபைலில் வைத்து டாக்டரிடம் கொண்டு போங்கள். வெறும் வயிறு என்றால் தண்ணீரும் கூடாதா என்று கேட்டவருக்கு: வெறும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், குடித்துவிட்டுப் போனால் நரம்பும் சுலபமாகக் கிடைக்கும்.