ஜெத்ரோ டல்லைத் தாண்டி: 70களின் ப்ராக் ஃபோக் ராக் குழுக்களை எப்படித் தேடுவது?

நெளிதாளம்:
பிரிட்டிஷ் ராக் குழு ஜெத்ரோ டல் போட்ட 'சாங்ஸ் ஃப்ரம் தி வுட்' (1977), 'ஹெவி ஹார்சஸ்' (1978) ஆல்பம் ரெண்டும் மனப்பாடம். அதே மாதிரி நாட்டுப்புற மெட்டு, வளைஞ்சு நெளியுற தாளம், நீளமான பாட்டு வேணும். ஸ்ட்ரீமிங் ஆப் நாலாவது பாட்டிலேயே திரும்ப டல்லுக்கே வந்து நிக்குது. 'ப்ராக் ஃபோக்'னு (ப்ரோக்ரெசிவ் ராக்கும் நாட்டுப்புற இசையும் கலந்தது) தேடினா இப்போதைய குழுக்கள்தான் முன்னாடி வருது. 1968–80 மட்டும் போதும். பெயர்ப் பட்டியலைவிட தேடுற வழி தெரிஞ்சா நல்லது.

உறைக்குப்பின்னால்:
வகைப் பெயரை விடுங்க, ஆளைப் பிடிங்க. இதை வாசிச்சவங்க கொஞ்சம் பேர்தான், குழு மாறி குழு மாறி வாசிச்சிருக்காங்க. டல்லிலேயே ரெண்டு வாசல் இருக்கு. ஸ்டீலை ஸ்பான்ங்கிற ஃபோக் ராக் குழுவின் 'நவ் வி ஆர் சிக்ஸ்' (1974) தயாரிப்பில் டல்லின் பாடகர் இயன் ஆண்டர்சன் கை உண்டு. 1979இல் டல்லுக்கு வந்த பேஸ் வாசிப்பாளர் டேவ் பெக், ஃபேர்போர்ட் கன்வென்ஷன்ங்கிற ஃபோக் ராக் குழுவின் ஆள். அந்த ஃபேர்போர்ட்டை விட்டுப் போன ஆஷ்லி ஹட்சிங்ஸ்தான் ஸ்டீலை ஸ்பானைத் தொடங்கினவர். ரெண்டு வாசலும் ஒரே வீட்டுக்குள்ளதான் போகுது.

டிஸ்காக்ஸில் (இசைப் பதிவுகளைப் பட்டியலிடுற இணையதளம்) ஆல்பம் பக்கத்துக்குப் போய், வாசிச்சவங்க பெயரில் ஒண்ணைத் தட்டுங்க. அவர் பக்கத்தில் கருவி வாசிச்ச பதிவுகளை மட்டும் வடிகட்டி, ஆண்டு வரிசையில் அடுக்குங்க. பாடகரைவிட வயலின், பேஸ், டிரம்ஸ் ஆட்களைப் பிடிச்சா சீக்கிரம் புது இடத்துக்குப் போகலாம்; அவங்கதான் அடுத்தவங்க பதிவுக்கும் போய் வாசிப்பாங்க.

முதல்ல ஃபேர்போர்ட்டின் 'அன்ஹாஃப்பிரிக்கிங்' (1969) ஆல்பத்தில் 'எ செய்லர்ஸ் லைஃப்' கேளுங்க. 11 நிமிஷம், ஸ்டுடியோவில் ஒரே மூச்சில் வாசிச்சது. சாண்டி டென்னி பாடி முடிக்கிற வரை எல்லாரும் அடங்கியே இருப்பாங்க. அப்புறம் ரிச்சர்ட் தாம்ப்சனின் கிட்டாரும் விருந்தாளியா வந்த டேவ் ஸ்வார்பிரிக்கின் வயலினும் ஒண்ணையொண்ணு துரத்த ஆரம்பிக்கும். இங்கிலாந்து ஃபோக் ராக் திரும்பின முனை அதுதான்.

கிரம்ஹார்ன்:
மேலே சொன்ன வழி சரி, ஆனா அதிலேயே போனா பிரிட்டனைத் தாண்ட மாட்டீங்க. இன்னொண்ணு: ஃபோக் ராக் எல்லாம் ப்ராக் ஆகிடாது. ஸ்டீலை ஸ்பான் பெரும்பாலும் பழைய பாட்டை மின்கருவியில் வாசிக்கிற குழு. அருமையான குழுதான், ஆனா நீங்க கேட்ட நெளிவு அதில் குறைவு.

தாளம்தான் முக்கியம்னா பென்டாங்கிளின் 'பாஸ்கெட் ஆஃப் லைட்' (1969). முதல் பாட்டு 'லைட் ஃப்ளைட்' 5/8, 7/8னு மாறிக்கிட்டே இருக்கும், நடுவில் 6/4. கண்டமும் மிஸ்ரமும் கை தட்டிப் பழகினவங்களுக்கே ரெண்டு முறை தவறும். நீளம்தான் முக்கியம்னா கிரிஃபனின் 'மிட்நைட் மஷ்ரம்ப்ஸ்' (1974): ஒரு பக்கம் முழுக்க ஒரே இசை, 19 நிமிஷம், ஷேக்ஸ்பியர் நாடகத்துக்காகப் போட்டது. பஸூனும் கிரம்ஹார்னும் (ரெண்டும் ஊதுகருவி) ராக் டிரம்ஸோட உட்காரும். காமஸின் 'ஃபர்ஸ்ட் அட்டரன்ஸ்' (1971) தைரியம் இருந்தா மட்டும். பாட்டு வரிகளில் கொலையும் வன்முறையும் இருக்கு, பின்னணிக்கு ஓடவிடுற இசை இல்லை.

பிரிட்டனுக்கு வெளியே நாடு வாரியா தேடுங்க. பிரான்ஸில் மாலிகோர்ன், அயர்லாந்தில் ஹார்ஸ்லிப்ஸ் ('தி டாயின்', 1973), ஸ்வீடனில் கெப்னெகாய்செ. கியூபெக்கின் ஹார்மோனியம் 1975இல் போட்ட ரெண்டாவது ஆல்பத்தில் டிரம்ஸே கிடையாது. அதன் கடைசிப் பாட்டு 17 நிமிஷம், மெலோட்ரான் (டேப்பில் பதிஞ்ச ஒலிகளை வாசிக்கிற கீபோர்டு) நிரம்பி வழியும். 1981ஐயும் உள்ளே விட்டீங்கன்னா சிலியின் லாஸ் ஹைவாஸ்: கவிஞர் நெரூதாவின் வரிகள், சரங்கோங்கிற சின்ன நரம்புக்கருவி, கேனா குழல், கூடவே மினிமூக் சிந்தசைசர்.

பக்கம்2:
ஆண்டு வடிகட்டியை ஸ்ட்ரீமிங்கில் நம்ப வேண்டாம். பல ஆல்பங்களில் மறுவெளியீட்டு ஆண்டுதான் பதிவாகியிருக்கும்; 1971 ஆல்பம் 2004னு காட்டும், உங்க 1968–80 தேடலில் வரவே வராது. டிஸ்காக்ஸில் எல்லாப் பதிப்பையும் சேர்த்துக் காட்டுற மூலப் பக்கத்தைப் பாருங்க, முதல் வெளியீட்டு ஆண்டு அங்கே இருக்கும்.

மறுபதிப்பு வாங்குறப்போ கவனம். மாஸ்டர் டேப் (மூல ஒலிநாடா) கிடைக்காம, பழைய எல்பியை ஓட்டி எடுத்த பதிப்புகள் நிறைய. பாட்டு தொடங்குறதுக்கு முந்தின மௌனத்தில் பொறிச்சத்தம் கேக்கும். ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும் 'ஸ' சத்தம் கரகரக்கும், ஏன்னா தட்டின் உள்வட்டத்தில் ஊசிக்குக் கிடைக்கிற இடம் குறைவு. இரைச்சலை அளவுக்கு மீறி வடிகட்டியிருந்தா சிம்பல் தண்ணிக்குள்ள அடிச்ச மாதிரி இருக்கும். டிஸ்காக்ஸில் 'அதிகாரபூர்வமற்றது'ன்னு குறிச்சிருந்தா தொடாதீங்க.

போனஸ் பாட்டுகளை முதல் முறை கேக்குறப்போ வெட்டிடுங்க. ட்ரீஸ் குழுவின் 'ஆன் தி ஷோர்' (1970) மாதிரி ஆல்பத்துக்கு எங்கே முடியணும்ங்கிறது முக்கியம்.

நெளிதாளம்:
எல்லாருக்கும் நன்றி. கிரம்ஹார்ன், உங்களுக்கு ஒரு கேள்வி: ட்ரீஸ் குழுவின் பக்கத்திலிருந்து ஸ்பைரோகைராங்கிற குழுவுக்குப் போனேன். ஆப்பில் போட்டா சாக்ஸஃபோன் ஜாஸ் வருதே?

கிரம்ஹார்ன்:
அது அமெரிக்க ஜாஸ் குழு, ஆங்கிலத்தில் பெயர் ரெண்டு சொல்லா இருக்கும், முதல் உயிரெழுத்து 'ஒய்' (y). உங்களுக்கு வேண்டிய, இங்கிலாந்தின் கேன்டர்பரி குழு ஒரே சொல், முதல் உயிரெழுத்து 'ஐ' (i). சில இடத்தில் ரெண்டையும் ஒரே பக்கத்தில் கலந்து வெச்சிருப்பாங்க, அதனால குழுப் பெயரை விட்டுட்டு ஆல்பம் பெயரால தேடுங்க: 'பெல்ஸ், பூட்ஸ் அண்ட் ஷாம்பிள்ஸ்' (1973). அந்தக் குழுவின் பாடகி பார்பரா காஸ்கின் குரல் கேட்டா சரியான இடம்.