மேலத்தெரு சொந்தங்கள்: அம்மாச்சி மெஷின்

செல்வி சித்தி: தையல் மெஷினில் நேற்றிலிருந்து தீய்ந்த வாடை. பெடலில் வெறுங்காலை வைக்க முடியவில்லை, கொதிக்கிறது. திவ்யா வளைகாப்புக்கு இன்னும் ஏழு ஜாக்கெட் பாக்கி. ராஜூ அண்ணா இருக்கிறீர்களா?

திவ்யா: என்னுடையது முடிந்ததா சித்தி?

செல்வி சித்தி: கை மட்டும் வெட்டியிருக்கிறேன்

திவ்யா: 😶

கலா பெரியம்மா: அன்றைக்கே சொன்னேன். அம்மா மிதித்துத் தைத்தே நம் மூன்று பேரையும் கரையேற்றினாள். அதற்குப் போய் மோட்டார்

செல்வி சித்தி: என் முட்டியை உனக்கு அனுப்பட்டுமா அக்கா

ராஜூ மாமா: எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள். வாடை மோட்டாரில் என்றால் முதலில் கார்பன் பிரஷைப் பார்க்கணும். தேய்ந்து குட்டையாகியிருந்தால் உள்ளே பொறி பறக்கும். பெல்ட் இறுக்கமாக இருந்தாலும் மோட்டார் திணறும். விரலால் அமுக்கினால் கொஞ்சம் உள்ளே போகணும். பெடல் கதை வேறு. அது பழைய ரெசிஸ்டன்ஸ் வகை. மெதுவாகத் தைக்கும்போது மோட்டாருக்குப் போகாத மீதி வோல்டேஜ் பெடலுக்குள்ளேயே சூடாகித் தீரும். கழுத்து தைக்கும்போது அதிகம் கொதிக்குமே, அதனால்தான். எலக்ட்ரானிக் பெடல் நொடிக்கு 100 தடவை கரண்டை வெட்டி வெட்டி விடும். சூடு குறைவு, மெதுவாக ஓட்டினாலும் ஊசி திணறாது. இரண்டையும் மாற்றிவிடலாம்.

பானு அத்தை: இதையே சாப்பிடும்போதும் கேட்டேன்

கார்த்தி திருப்பூர்: மாமா, எங்கள் கம்பெனியில் கழித்த சர்வோ மோட்டார் கிடக்கிறது. 550 வாட். கேட்டால் தருவார்கள்

ராஜூ மாமா: அது நிமிடத்துக்கு 4000, 5000 தையல் போடும் மெஷினுக்கானது தம்பி. இது சொட்டு எண்ணெய் விடுகிற வீட்டு மெஷின். ஆயிரத்தைத் தாண்டினாலே ஆடும். 1/12 ஹெச்பி போதும்.

கார்த்தி திருப்பூர்: சர்வோவில் வேகத்தைக் குறைத்து வைக்கலாமே

ராஜூ மாமா: வைக்கலாம். மாட்டுவது எங்கே? பலகைக்குக் கீழே போல்ட் போடணும்

கலா பெரியம்மா: பலகையில் ஓட்டையா?? அம்மா எனக்கென்று சொன்ன மெஷின் அது

செல்வி சித்தி: பத்து வருஷம் அதன் மேல் டிவி வைத்திருந்தது யார்

கலா பெரியம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

திவ்யா: நான் படித்துவிட்டேன் பெரியம்மா 🙈

முத்து சித்தப்பா: சமையல்காரர் லைனில் இருக்கிறார். ஏழு சாதத்தில் தக்காளியா மாங்காயா?

கார்த்தி திருப்பூர்: மாங்காய்

பானு அத்தை: போன தடவை மாங்காய் புளித்தது

முத்து சித்தப்பா: அப்புறம் புது மோட்டாரால் கரண்ட் பில் ஏறுமா? நாங்கள் 100 யூனிட்டுக்குள் நிறுத்தி வைத்திருக்கிறோம்

ராஜூ மாமா: நாள் முழுக்கத் தைத்தாலும் ஒரு யூனிட் தேறாது மாப்பிள்ளை. பலகையையும் யாரும் தொட வேண்டாம். மெஷின் ஸ்காட்லாந்தில், கிளைட்பேங்க் ஆலையில் செய்த சிங்கர் 15கே. ஆலையை 1980-லேயே மூடிவிட்டார்கள். ஆனால் உஷா, மெரிட் எல்லாம் இதே அமைப்பு. தூணுக்குப் பின்னால் மோட்டாருக்கென்றே திருகு ஓட்டை இருக்கிறது. அந்த மோட்டாரே பொருந்தும். ஒன்றே ஒன்று, மூன்று முள் பிளக்கும் எர்த்தும் கட்டாயம். உடம்பு முழுக்க இரும்பு.

செல்வி சித்தி: இப்போது இருப்பது இரண்டு முள். மழை நாளில் வீலைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும்

ராஜூ மாமா: பிளக்கைப் பிடுங்கு

ராஜூ மாமா: இப்போதே

ராஜூ மாமா: பிடுங்கினாயா?

செல்வி சித்தி: ஆச்சு. ஜாக்கெட்?

ராஜூ மாமா: மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அம்மாவின் தோல் பெல்ட்டை மாட்டி மிதி. ஞாயிறு நான் வருகிறேன்

செல்வி சித்தி: தோல் பெல்ட் எங்கே இருக்கிறது?

கலா பெரியம்மா: என் வீட்டுப் பரணில்

செல்வி சித்தி: உன் வீட்டில் எதற்கு??

பானு அத்தை: ஞாயிறு நமக்கு மதுரையில் காதுகுத்து

கார்த்தி திருப்பூர்: மோட்டாருக்குப் பணம் யார் போடுவது

முத்து சித்தப்பா: தக்காளி என்றே சொல்லிவிட்டேன்