பொருள்: ஒட்டாப்பூச்சுக் கத்தி – ஹோனிங், ஷார்பனிங் இரண்டுக்கும் தனித்தனிச் சொல்

வணக்கம். ஒட்டாப்பூச்சுக் கத்தியின் பராமரிப்புக் குறிப்பைத் தமிழாக்குவது பற்றி வந்த மடல்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதிலாக எழுதுகிறேன்.

> கத்திப் பராமரிப்புக் குறிப்பில் ஹோனிங், ஷார்பனிங் என இரண்டு வருகின்றன. இரண்டையும் ‘கூர்தீட்டல்’ என்றே எழுதிவிடலாமா?

வேண்டாம், ஐயா. சாதாரண எவர்சில்வர் கத்தி என்றால் பெரிய மோசமில்லை, கொஞ்சம் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான். நீங்கள் தமிழாக்குவது ஒட்டாப்பூச்சுக் கத்திக்கான குறிப்பு. (‘ஒட்டாப்பூச்சு’ இருக்கட்டும். நான்ஸ்டிக் தவா என்றே சொல்லிப் பழகியவர்களுக்கும் அது சட்டென்று புரியும்.)

அந்தக் கத்தியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அலகு முழுக்கப் பச்சையோ சிவப்போ கறுப்போ பூச்சு இருக்கும். வெட்டும் ஓரத்தில் மட்டும் நூலளவுக்கு வெள்ளிக் கோடு ஓடும். அது வெறும் எஃகு. கல்லில் தேய்க்கும்போதெல்லாம் கத்தியின் வாய், அதாவது அந்த வெட்டும் ஓரம், சற்றுப் பின்வாங்கும், கோடு அகலும், அந்த அளவுக்குப் பூச்சு குறையும். போன பூச்சை வீட்டில் திரும்பப் பூச முடியாது. ஆகவே எந்த வேலை எஃகைத் தேய்க்கிறது, எது அவ்வளவாகத் தேய்க்கவில்லை என்பதைக் குறிப்பைப் படிப்பவர் பிரித்தறிய வேண்டும். ஒரே சொல்லைப் போட்டால் வாரம் ஒருமுறை செய்ய வேண்டிய ஹோனிங்கை விட்டுவிட்டு, ஆண்டுக்கு ஓரிரு முறை கல்லில் செய்ய வேண்டிய ஷார்பனிங்கை வாராவாரம் செய்வார்கள்.

> ஹோனிங் என்பதற்குத் ‘தீட்டல்’, ஷார்பனிங் என்பதற்குச் ‘சாணை பிடித்தல்’?

பின்னது சரி, அதில் மாற்றமே வேண்டாம். முன்னதுதான் இடிக்கிறது. அரிசியைத் தீட்டுகிறோம், ஓவியம் தீட்டுகிறோம், கத்தியையும் கல்லில்தான் தீட்டுகிறோம். எஃகு அவ்வளவாகத் தேயாத ஒரு வேலைக்கு அந்தச் சொல் பொருந்தாது. தவிர, ‘தீட்டுக்கோல்’ என்று எழுதிப் பாருங்கள், வாசிப்பவர் வேறு எங்கோ போய்விடுவார்.

ஹோனிங்கில் நடப்பது என்ன? மர வெட்டுப்பலகையில் நாளும் காய் நறுக்கும் கத்தியின் விளிம்பு உடனே தேய்ந்துவிடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மடிகிறது. தக்காளித் தோலில் கத்தி வழுக்குவது பெரும்பாலும் இதனால்தான். ‘வாய் மடிஞ்சு போச்சு’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். மடிந்ததை என்ன செய்வோம்? நிமிர்த்துவோம். எனவே என் பரிந்துரை வாய்நிமிர்த்தல். அதற்குப் பயன்படும் எஃகுக் கோலுக்கு நிமிர்த்துகோல். அளவுகோல், திறவுகோல் போன்ற சொல்தான், யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

> வைரத்தூள் பதித்த கோலும் பீங்கான் கோலும் எஃகைத் தேய்க்குமே? அவையும் நிமிர்த்துகோலா?

நல்ல கேள்வி, அம்மா. இல்லை. வைரத்தூள் கோல் செய்வது அரத்தின் வேலை, அதனால் ‘வைர அரம்’ என்று சொல்லிவிடலாம். பீங்கான் கோலும் மெல்லத் தேய்க்கத்தான் செய்கிறது, அதையும் சாணைப் பக்கமே சேர்க்க வேண்டும். காபிக் கோப்பையைக் கவிழ்த்து, மெருகில்லாத அடி வளையத்தில் கத்தியை உரசுகிறோமே, அதுவும் சாணைதான். கடையில் கோலுக்கு என்ன பெயர் என்பதை விட்டுவிடுங்கள். தேய்க்கிறதா, நிமிர்த்துகிறதா என்பதை வைத்துப் பிரிப்போம்.

அப்புறம், யாரும் கேட்காத ஒன்று. அந்த வெள்ளிக் கோட்டுக்கும், அதாவது ஆங்கிலத்தில் பெவல் என்பதற்கும், ஒரு சொல் வேண்டும். ‘சாய்விளிம்பு’ என்பதை வடிவியல் பாடத்துக்கு விட்டுவிடலாம். வைரத்துக்குப் பட்டை தீட்டுகிறார்கள். கத்தியின் வாயில் இருப்பதும் பட்டைதான். வாய்ப்பட்டை என்கிறேன். சாணை பிடிக்கும் முறை முழுவதும் இதைச் சுற்றியே இருக்கிறது. ஆயிரம் எண் கல்லை (எண் கல்லின் நயத்தைக் குறிக்கும்) நனைத்து, அலகை 15 முதல் 20 பாகை சாய்த்துப் பிடித்து, வாய்ப்பட்டை மட்டும் கல்லில் படும்படி தேய்க்க வேண்டும். அதைவிடப் படுக்கவைத்தால் பூச்சின் முகம் கீறும். உரிந்த பூச்சு கல்லின் நுண்துளைகளையும் அடைக்கும். எதிர்ப்பக்கத்தில் விரலை வாயிலிருந்து வெளிப்புறமாக மெல்ல இழுத்தால் பிசிறு, அதாவது தேய்த்ததில் மறுபக்கம் புரண்ட மெல்லிய எஃகு, தட்டுப்படும். அதுதான் இந்தப் பக்கம் போதும் என்பதற்கு அடையாளம். ‘பிசிறு’ ஏற்கெனவே பட்டறைச் சொல், புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டாம்.

> தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாம் என்று எழுதலாமா?

இந்த வகைக் கத்திக்கு வேண்டாம். தண்ணீரில்லாமல் சுழலும் சக்கரம் வாய்ப்பட்டையை அகலமாகத் தின்றுவிடும். சூடும் சேரும்: டெஃப்லான் வகைப் பூச்சு ஏறக்குறைய 260 டிகிரி செல்சியசுக்கு மேல் கெடத் தொடங்கும். வாயில் நீலம் பாய்ந்தால் எஃகின் பதமும் போய்விட்டது என்று அர்த்தம். அம்மாவின் பழைய இரும்புக் கத்திக்கும் அரிவாள்மணைக்கும் அவரை விட்டால் ஆளில்லை, அது வேறு.

குறிப்பில் இப்படி எழுதலாம்: “வாரம் ஒருமுறை நிமிர்த்துகோலால் வாய்நிமிர்த்தவும். அப்படியும் தக்காளியில் வழுக்கினால் மட்டும் சாணை பிடிக்கவும். வாய்ப்பட்டையைத் தாண்டிக் கல் படக் கூடாது. கம்பி நார் போட்டுத் தேய்க்க வேண்டாம். கண்ணாடி, கிரானைட் பலகையில் நறுக்க வேண்டாம். உறையில் போட்டு வைக்கவும்.”

‘வாய்நிமிர்த்தவும்’ என்பதை ஒரே சொல்லாக எழுதுவதா, இடம் விட்டு எழுதுவதா? சேர்த்து எழுதுவதே என் விருப்பம். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.