டிரேட்டன் ஹாலின் வெற்று அறைகள்: இருவரின் அனுபவப் பகிர்வு

அமெரிக்காவின் தென் கரோலைனா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகருக்கு வெளியே ஆஷ்லி ஆற்றங்கரையில் நிற்கும் டிரேட்டன் ஹால் என்ற செங்கல் மாளிகைக்குள் நுழைந்ததும் எனக்கு உண்டானது ஏமாற்றமே. கட்டில் இல்லை, நாற்காலி இல்லை, திரைச்சீலை இல்லை. டிரேட்டன் குடும்பத்தார் இருந்தவரை மின்விளக்கோ குழாய்நீரோகூட அந்த வீட்டுக்கு வந்ததில்லையாம். கட்டணம் வாங்கிக்கொண்டு வெறும் அறைகளைக் காட்டுகிறார்களே என்று என் மனைவியிடம் முணுமுணுத்தேன்.

ஜான் டிரேட்டன் அந்த நிலத்தை 1738-இல் வாங்கினார். அவருடைய வழியில் ஏழு தலைமுறையினர் வைத்திருந்த வீடு, 1974-இல் வரலாற்றுச் சின்னங்களுக்கான தேசிய அறக்கட்டளையின் கைக்கு வந்தது. ஏதாவது ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்து அந்தக் காலத்துக் கோலத்துக்கு வீட்டைத் திருப்பாமல், கிடைத்த நிலையிலேயே காப்பது என்று அப்போது முடிவு செய்தார்கள். அந்த முடிவின் அருமை, பிள்ளைகளின் உயரத்தைக் குறித்து வைத்த ஒரு கதவுச் சட்டத்தின் முன் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டு அழகை மீட்கிறேன் என்று யாராவது புது வண்ணம் அடித்திருந்தால், பின்வந்தவர்கள் இட்ட அந்தக் கோடுகள் ஒரே நாளில் மறைந்திருக்கும்.

தொடாமல் விட்டதால் வீட்டின் வயதும் துலங்கியது. பரணில் உள்ள உத்தரங்களின் வளையங்களை ஆராய்ந்ததில், அந்த மரங்கள் 1747-48 குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை என்று தெரியவந்திருக்கிறது. அதுவரை வீடு இன்னும் சில ஆண்டுகள் முந்தியது என்றே நம்பியிருந்தார்கள். இருபுறமும் இருந்த துணைக் கட்டடங்களில் ஒன்றை 1886 நிலநடுக்கமும் மற்றொன்றை 1893 புயலும் கொண்டுபோயின. அவற்றையும் திரும்பக் கட்டவில்லை.

பழைய செங்கல் சுவருக்குச் சுண்ணாம்புக் காரைதான் பொருந்தும். ஈரம் காரை வழியே வெளியேற வேண்டும். கெட்டியான சிமெண்ட் அதை அடைத்துவிட்டால் செங்கல் உப்புப் பூத்து, செதில் செதிலாக உதிரும். எங்கள் பாட்டனார் வீட்டுச் சுவருக்கு நல்லெண்ணத்தோடு சிமெண்ட் பூசி, பத்தே ஆண்டுகளில் அதைப் பொடியாக்கியவர்கள் நாங்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

*

மேலே எழுதிய அன்பரின் வியப்பில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அங்கே சென்று வந்தவன் என்ற முறையில் ஒரு நெருடலையும் சொல்ல வேண்டும். உள்ளதை உள்ளபடி காப்பது என்ற கொள்கை, உறுதியாகக் கட்டப்பட்டதற்கே சாதகமானது. எசமானரின் செங்கல் வீடு நிற்கிறது. அவருடைய நிலத்தில் உழைத்த ஆப்பிரிக்க அடிமைகளின் மரக் குடில்கள் நிற்கவில்லை. சார்ல்ஸ்டன் பகுதியின் பழைய செங்கற்களில், அவற்றை அறுத்த அடிமைகளின் விரல்தடங்களை இன்றும் காணலாம். பலரைப் பற்றி எஞ்சியிருக்கும் ஒரே பதிவு அதுதான்.

அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்வது அவர்களுடைய இடுகாடு. அங்கே புல்வெளியோ பூச்செடியோ கிடையாது. மரங்களுக்கிடையே, பெரும்பாலும் பெயர்க்கல் இல்லாத குழிமேடுகள் மட்டுமே உள்ளன. முதல் பார்வைக்கு அலட்சியமாகத் தோன்றினாலும், அவ்வாறு விட்டிருப்பது வழித்தோன்றல் ஒருவரின் விருப்பத்தை மதித்துத்தான். ரிச்மண்ட் போவன்ஸ் என்னும் அவர் 1908-இல் அந்த நிலத்திலேயே பிறந்தவர். முதுமையில் அதன் வாயில்காப்பாளராக இருந்து, வருவோருக்குத் தம் முன்னோரின் கதையைச் சொல்லிவந்தவர். அவர்களை உறங்க விடுங்கள் என்ற பொருள்பட அவர் சொன்ன சொற்களே இடுகாட்டின் வளைவில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 1998-இல் மறைந்த அவரையும் அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

நான் போன அன்று மாளிகைக்குள் சுமார் இருபது பேர் சுற்றினோம். இடுகாட்டின் வளைவுக்குள் நான் நின்றிருந்த நேரத்தில் வேறு யாரும் வரவில்லை.